மே மாதத்தில் குடும்பத்தோடு இலங்கை: பெந்தோட்டையா, திருகோணமலையா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி, மே மாதத்தின் நடுவில் ஒரு வாரம் இலங்கைக்குச் சென்று வர எண்ணியிருக்கிறோம். நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள், ஐந்து வயது மகன், முழங்கால் வலியுள்ள என் அம்மா என ஐந்து பேர். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருப்பதால் போய் இறங்குவதில் சிக்கல் இல்லை. அதன் பிறகு எந்தக் கரைக்குப் போவது என்பதில்தான் வீட்டில் கருத்து ஒன்றுபடவில்லை. பயண முகவர் பெந்தோட்டை, ஹிக்கடுவை, காலி என்று தென்மேற்குக் கரையோரமாகவே திட்டம் போட்டுத் தந்திருக்கிறார். விமான நிலையத்திலிருந்து தொலைவு குறைவு, அதிவேகச் சாலையும் இருக்கிறது என்பது அவர் சொல்லும் காரணம். அம்மாவோ, இலங்கை வரை போய்விட்டுத் திருகோணமலையிலுள்ள திருக்கோணேச்சரத்தைத் தரிசிக்காமல் திரும்புவதா என்று கேட்கிறார். பிள்ளைகளுக்குக் கடலில் இறங்கிக் குளிக்க வேண்டும் என்பது ஒன்றே ஆசை. அந்தப் பருவத்தில் சிறுவனை நம்பி இறக்கக்கூடிய கடல் எந்தப் பக்கம் இருக்கும், அம்மாவை அலைக்கழிக்காமல் எங்கே தங்கலாம் என்பதை அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கொட்டியாரக்குடா எழுதியது:

ஐயா, நான் திருகோணமலையைச் சேர்ந்தவன். உங்கள் அம்மா கேட்பதும் பிள்ளைகள் கேட்பதும் இந்த மாதத்தில் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பதால் முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இலங்கைக்கு இரண்டு பருவக்காற்றுகள் உண்டு. மே மாதப் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் பெந்தோட்டை, ஹிக்கடுவைப் பக்கம் மழையும் பேரலையும் வந்துவிடும். அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே கடல் குழம்பத் தொடங்கும். அங்கே குளிப்பதற்கு உகந்த காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை. எங்கள் கிழக்குக் கரை இதற்கு நேர்மாறானது. வாடைக்காற்று வீசும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை எங்களுக்கு மழைக்காலம். மே முதல் செப்டம்பர் வரை கடல் குளம்போலக் கிடக்கும். ஆகவே முகவர் தந்த திட்டத்தில் தொலைவு குறையும் என்பது உண்மைதான், ஆனால் விடுதி அறையில் இருந்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நாட்கள் கூடும்.

தங்குவதற்கு உப்புவெளியைச் சொல்வேன். நகரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். மருந்தகம், மருத்துவமனை, கோயில் எல்லாம் ஓட்டோவில் போய்வரும் தூரத்தில் இருக்கும். நிலாவெளி இன்னும் வடக்கே, ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர். கடற்கரை அங்கே அகலமாகவும் அமைதியாகவும் இருக்கும், ஆனால் இரவில் அம்மாவுக்கு ஏதாவது தேவைப்பட்டால் நகருக்கு வர வேண்டும்.

கடல் அமைதியாக இருக்கிறதே என்று ஒரு விடயத்தில் மட்டும் அயர்ந்துவிடாதீர்கள். இந்த மாதங்களில் கச்சான் காற்று மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அலை எழும்பாததற்கு அதுவே காரணம். ஆனால் காற்றடைத்த மிதவையிலோ டயரிலோ பிள்ளை உட்கார்ந்திருந்தால், சத்தமே இல்லாமல் அது கரையை விட்டு விலகிக்கொண்டே போகும். நீந்திப் போய்ப் பிடிக்க முடியாத வேகத்திலும் போகும். மகனுக்கு அளவான உயிர்காப்பு அங்கியை ஊரிலிருந்தே வாங்கி வாருங்கள், மிதவைகளைத் தவிர்த்துவிடுங்கள். குளிப்பதற்குக் காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் நல்ல நேரம். இடையில் வெயில் மிகக் கடுமை.

நொய்யல் எழுதியது:

மேலே சொல்லப்பட்ட காரணங்கள் அனைத்தும் சரியே, கிழக்குக் கரைதான் உகந்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு உப்புவெளியை விட, அதே கரையில் தெற்கே உள்ள பாசிக்குடா பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம். நாங்கள் குடும்பத்தோடு இரண்டு இடங்களிலும் தங்கியிருக்கிறோம். பாசிக்குடா வளைந்த குடா; கரையிலிருந்து வெகுதூரம் நடந்து சென்றாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவுத் தண்ணீர்தான். உப்புவெளியில் அப்படியன்று, சில இடங்களில் பத்தடி வைத்ததுமே ஆழம் தெரியும். என் மாமியார் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலுக்குள் உட்கார்ந்து பேத்தியோடு விளையாடியது பாசிக்குடாவில்தான். முழங்கால் வலியுள்ளவர்களுக்கு மணலில் நடப்பதை விட அந்தத் தண்ணீரில் நடப்பது எளிதாக இருந்தது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பாசிக்குடாவில் பெரிய விடுதிகளைத் தாண்டிப் பார்ப்பதற்கு அதிகம் இல்லை, உணவுக்கும் பெரும்பாலும் விடுதியையே நம்பியிருக்க நேரும். ஒரு வாரம் இருப்பதால் மூன்று இரவு திருகோணமலையிலும் இரண்டு இரவு பாசிக்குடாவிலும் வைத்துக்கொண்டால் யாருடைய ஆசையும் விடுபடாது. மூதூர், வெருகல், வாகரை வழியாகச் செல்லும் கரையோரச் சாலையில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம்.

வைகைக்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கச்சான் காற்றைப் பற்றி முகவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மகனுக்கு வாங்கி வைத்திருந்த மிதவையை இங்கேயே விட்டுவிடுகிறோம். பாசிக்குடாவைச் சேர்ப்பது நல்ல யோசனையாகவே படுகிறது, ஆனால் இன்னுமொரு முறை பெட்டி கட்டி, இன்னுமொரு நீண்ட பயணம் என்பதை அம்மா தாங்குவாரா என்று தயங்குகிறேன். கோணேச்சரத்தில் ஏற்றம் அதிகமா? மகள் புறாத் தீவுக்குப் போக வேண்டும் என்கிறாள். சிறுவனையும் அழைத்துச் செல்லலாமா?

கொட்டியாரக்குடா எழுதியது:

பாசிக்குடாவைப் பற்றி நொய்யல் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆழம் குறைந்த கடல் வேண்டுமென்றால் அதற்கு இணை இல்லை. இருந்தாலும் உங்கள் அம்மாவின் நிலையில், போகவர ஒரு நாள் வீதம் வான் வண்டியிலேயே கழிந்துவிடும் இந்தப் பயணத்தில், தங்குமிடத்தை மாற்றாமல் இருப்பதே நல்லது என்பேன். துறைமுகப் பக்கத்தில் விமானப்படையின் பராமரிப்பில் உள்ள மார்பிள் பீச் அலை குறைந்த இடம். மகனை ஒரு காலை அங்கே கூட்டிச் செல்லுங்கள்.

கோணேச்சரம் சுவாமி மலையின் உச்சியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கிறது. பாதை ஏற்றமானதுதான், ஆனால் ஓட்டோவில் கோயிலை நெருங்கிவிடலாம். அதன் பிறகு மெதுவாக நடந்தால் போதும். சம்பந்தர் பாடிய தலம் என்பதால் அம்மா அவசரமின்றி இருக்க விரும்புவார். நண்பகலில் மட்டும் போகாதீர்கள், செருப்பைக் கழற்றிய பிறகு கல் தரை காலைச் சுடும். மாலைப் பூசைக்குச் சென்றால் கோட்டைக்குள் மேயும் மான்களைப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். கன்னியா வெந்நீரூற்றுகளையும் அம்மாவுக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு சிறிய கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. வாளியால் மொண்டு காலில் ஊற்றிக்கொள்வதில் அவருக்குத் தனி நிறைவு இருக்கும்.

புறாத் தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில், தேசியப் பூங்காவாக இருக்கிறது. மகளும் உங்களில் ஒருவரும் வார நாளில் முதல் படகிலேயே போய்விடுங்கள். நேரம் ஏற ஏறக் கூட்டமும் ஏறும். கரையில் மணலை விட உடைந்த பவளத் துண்டுகளே மிகுதி, ஆகவே காலில் கட்டும் செருப்பு வேண்டும். தண்ணீருக்குள் உயிருள்ள பவளத்தின் மீது காலூன்ற வேண்டாம் என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அது உடைந்தால் மீண்டும் வளர நெடுங்காலம் ஆகும். கருநுனிச் சுறாக்கள் ஆழமில்லாத இடத்திலும் வரும். தொந்தரவு செய்யாதவரை அவை விலகியே போகும். நிழல் குறைவு என்பதால் சிறுவனையும் அம்மாவையும் நான் அழைத்துச் செல்ல மாட்டேன். அவர்கள் உப்புவெளிக் கரையில் காலையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கட்டும். வலையின் மடி கரையேறும்போது சூடை மீனும் நெத்தலியும் மணலில் துள்ளுவதைக் கண்ட பிள்ளை அங்கிருந்து நகராது. வலைக் கயிறுகள் கடலுக்குள் கிடக்கும் பக்கத்தில் மட்டும் குளிக்க இறங்க வேண்டாம்.

அறை பதிவு செய்வதற்கு முன் பௌத்தர்களின் பண்டிகையான வெசாக் பௌர்ணமி எந்த நாளில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதை ஒட்டிய விடுமுறையில் உள்ளூர்க் குடும்பங்கள் திரண்டு வருவதால் அறைகள் நிரம்பிவிடும், வாடகையும் கூடும்.

விமான நிலையம் கட்டுநாயக்காவில் இருக்கிறது. கொழும்பு நகருக்குள் நுழையாமலே குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாக வந்துவிடலாம். ஏறத்தாழ 250 கிலோமீட்டர், பிள்ளைகளோடு ஆறு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். விமானம் பிற்பகலில் இறங்கினால் அன்றே வர முயலாமல் தம்புள்ளையில் ஓர் இரவு தங்குங்கள், ஏனெனில் ஹபரணையைத் தாண்டிய காட்டு வழியில் இருட்டிய பிறகு யானைகள் வீதியைக் கடக்கும். திரும்பும்போதும் அப்படித்தான்; வான் ஓட்டுநரிடம் விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும் என்று முந்தைய நாளே பேசி வைத்துவிடுங்கள்.