கலியாண ஹோலில் ‘என் இனிய பொன் நிலாவே’ வாசிக்கலாமா?

கேட்டவர்: கல்லடிக் கிற்றார்

எல்லாருக்கும் வணக்கம். விசயம் சின்னது, ஆனால் ஒரு கிழமையாக எங்கள் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் இதுதான் ஓடுகிறது.

மாமாவின் மகளுக்கு ஆவணியில் கலியாணம். தாலிகட்டு கோயிலில், பின்னேரம் ரிசெப்சன் களுவாஞ்சிகுடியில் ஒரு ஹோலில். மாப்பிள்ளையும் பொம்பிளையும் உள்ளே வரும்போது பெட்டியில் பாட்டுப் போடாமல் நான் கிற்றார் வாசிக்க வேண்டும், சின்னம்மாவின் மகன் பாட வேண்டும் என்று மச்சாளுக்கு ஆசை. அவள் கேட்ட பாட்டு ‘என் இனிய பொன் நிலாவே’. எனக்கும் சரியான சந்தோசம். கிற்றார் வாங்கிய முதல் மாதத்திலேயே அந்தத் தொடக்கத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து அம்மாவிடம் ஏச்சு வாங்கியவன் நான்.

அப்போதுதான் பெரியப்பா குரூப்பில் ஒரு வொய்ஸ் போட்டார். “அது கொலைகாரன் பாடுற பாட்டுடா. கலியாண வீட்டில வாசிக்கிற பாட்டா அது?”

எனக்குப் பாட்டு தெரியும், படம் தெரியாது. அன்றிரவே இருந்து ‘மூடுபனி’யைப் பார்த்தேன். மனிசன் சொன்னது உண்மை. பெண்களைக் கொல்கிற ஒருத்தன், வேறொருவனுக்கு நிச்சயித்த பெண்ணைக் கடத்திக்கொண்டு ஊட்டியில் ஒரு வீட்டில் வைத்திருக்கிறான். அவளுக்கு முன்னால் இருந்து கிற்றாரை எடுத்து இந்தப் பாட்டைப் பாடுகிறான். பார்த்து முடிய எனக்கே ஒரு மாதிரிப் போய்விட்டது.

மச்சாளும் படம் பார்க்கவில்லை. அவள் அந்தக் குரூப்பிலும் இல்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. வாசிப்பதா, வேறு பாட்டுக்கு மாறுவதா? அப்புறம் இன்னொன்று. பாடப்போகிற தம்பிக்குக் கீழே போனால் குரல் காற்றாகிவிடும். யேசுதாஸ் போகிற ஆழத்துக்கு அவனை எப்படி இறக்குவது? வீடியோக்காரர் யூடியூப்பிலும் போடுவாராம், அதில் ஏதும் சிக்கல் வருமா?

---

பதில்: மாங்காய்ப் பச்சடி

உன் பெரியப்பாவின் கணக்குப்படி பார்த்தால் சினிமாப் பாட்டில் அரைவாசி கலியாண வீட்டுக்கு ஆகாது. காதலி செத்த பிறகு பாடுகிற பாட்டுக்கெல்லாம் இங்கே கேக் வெட்டுகிறார்கள். வாசி மச்சான்.

---

பதில்: பழைய கெசற்

தம்பி, நான் அமிர்தகழி. ‘மூடுபனி’யை எடுத்த பாலு மகேந்திரா பிறந்த இடம். மாமாங்கேஸ்வரர் கோயில் பக்கம். படித்ததும் மட்டக்களப்பு புனித மிக்கேலில்தான். அதனால் இந்தப் பாட்டைப் பற்றிக் கதைக்க எனக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை இருப்பதாக நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

படம் வந்தது 1980இல். நாங்கள் படத்துக்கு முன்னமே பாட்டைக் கேட்டுவிட்டோம், இலங்கை வானொலியின் புண்ணியத்தில். அந்தக் காலத்தில் ரெக்கோர்டிங் பாரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துத்தான் கெசற் அடிப்போம். என்னுடைய லிஸ்டில் முதல் பாட்டு இதுதான். ஒரு பக்கம் முடியக் கொஞ்ச நாடா மிச்சம் கிடந்ததால் பார்க்காரர் இதையே திரும்பவும் அடித்துத் தந்தார். அது நடுவில் அறுந்து நிற்கும். இப்போதும் யேசுதாஸ் சரணத்துக்குப் போனால், இதோ ‘டக்’கென்று நிற்கப்போகிறது என்றுதான் என் காது காத்திருக்கும். படத்தைப் பார்த்தது எவ்வளவோ காலத்துக்குப் பிறகு, வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து.

பார்த்த பிறகும் பாட்டின் மேல் எனக்கு வெறுப்பு வரவில்லை. ஏன் என்று யோசித்திருக்கிறேன். கங்கை அமரன் எழுதிய வரிகளில் கத்தியும் இல்லை, கடத்தலும் இல்லை. இளையராஜாவும், பாடுகிறவன் பைத்தியம் என்பதற்காக மெட்டைக் கோணலாக்கவில்லை. பாடுகிற அந்தச் சந்துருவுக்குத் தான் செய்வது காதல் என்றுதான் நினைப்பு, பாட்டும் முழுக்க முழுக்க அவன் நினைப்பிலேயே போகிறது. பயமுறுத்துகிற மாதிரி ஒரு பாட்டை அங்கே வைத்திருந்தால் அந்தக் காட்சி இவ்வளவு வயிற்றைக் கலக்காது. நல்ல காதல் பாட்டாக இருந்தால்தான் அந்த இடத்தில் அது வேலை செய்யும். அதனால்தான் படத்தை விட்டு வெளியே எடுத்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நிற்கிறது.

பாலு மகேந்திராவுக்கு இந்த வாயசைப்புப் பாட்டுகளில் அவ்வளவு விருப்பம் இல்லை. இதில் பார், சந்துருவாக நடித்த பிரதாப் போத்தனின் கையிலேயே கிற்றார் இருக்கிறது. பாடுவதற்குக் கதைக்குள்ளேயே ஒரு நியாயம் வைத்துவிட்டார். அதற்கு முந்திய ‘கோகிலா’வுக்கும் ‘அழியாத கோலங்க’ளுக்கும் சலீல் சௌத்ரிதான் இசை. இளையராஜாவோடு சேர்ந்தது இந்தப் படத்தில்தான், ராஜாவுக்கு இது 100வது படம். பிறகு கடைசிப் படமான ‘தலைமுறைகள்’ வரைக்கும் அந்த உறவு நீண்டது.

ஒரு மட்டக்களப்பான் எடுத்த படத்தின் பாட்டை மட்டக்களப்புக் கலியாணத்தில் வாசிக்க என்ன தயக்கம்? பெரியப்பாவுக்கு இதைச் சொல்லிப் பார். ஊர்ப் பெருமை என்றால் எங்கள் ஆட்கள் கொஞ்சம் இளகுவார்கள்.

---

பதில்: திருக்கோவில் தேன்மதி

ஐயா சொன்னதில் பாடுகிறவனின் பக்கம் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கிறவளின் பக்கம் இல்லை.

அந்தக் காட்சியில், கடத்தப்பட்ட பெண்ணாக நடித்த ஷோபாவுக்கு ஒரு வரி பாட்டுக்கூட இல்லை, இருந்து கேட்க வேண்டியதுதான். படம் தியேட்டருக்கு வந்தபோது அவர் உயிரோடும் இல்லை. 1980 மே மாதம் இறந்தபோது 17 வயது. ‘பசி’க்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது எடுத்த பிள்ளை. இதெல்லாம் தெரிந்த பிறகு இந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் எனக்கு அவருடைய நினைப்புத்தான் வரும். என்னுடைய கலியாணமாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். சும்மா பஸ்ஸில் போகும்போது கேட்பேன், அது வேறு.

ஆனால் நான் சொல்வதும் கணக்கில்லை, உங்கள் பெரியப்பா சொல்வதும் கணக்கில்லை. கலியாணம் அவளுக்கு. பாட்டைக் கேட்டதும் அவள். அவள் இல்லாத குரூப்பில் ஒரு கிழமையாக இருந்து எல்லாரும் முடிவெடுக்கிறீர்கள், அவளுக்கு மட்டும் படத்தின் கதை தெரியாது. முதலில் போய் அவளிடம் சொல்லுங்கள்.

---

பதில்: சாய்ந்தமருது சவுண்ட்

தங்கச்சி சொன்னதுக்கு மேலே நான் ஒன்றும் சொல்லவில்லை. கல்முனைப் பக்கம் கலியாண ஹோல்களுக்கு சவுண்ட் போடுகிறவன் நான், என் வேலையை மட்டும் சொல்கிறேன்.

தம்பி, இந்தப் பாட்டை நடபைரவி ராகம் என்பார்கள். கீபோர்டில் ‘ஏ’யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் அமத்திக்கொண்டு அடுத்த ‘ஏ’வரை போனால் அதுதான். கிற்றாரில் ஏ மைனர் பிடிகளிலேயே இருங்கள். அதில் பாடும்போது பாடுகிறவனுக்குக் கீழ்க்குரல் வரவில்லை என்றால் காப்போவை, அதுதான் தந்திகளை அமத்திப் பிடிக்கிற கிளிப்பை, மூன்றாவது கட்டத்தில் போடுங்கள், சுருதி சி மைனருக்கு ஏறிவிடும், விரல் பிடி ஒன்றும் மாறாது. ஏற்றுவதற்கு முதல் மேலே போகிற இடத்தைப் பாடவைத்துப் பாருங்கள். கீழே காப்பாற்றப் போய் மேலே கிழிந்தால் ஹோல் முழுக்கச் சிரிக்கும். எந்தக் கட்டத்தில் இரண்டு பக்கமும் வருகிறதோ அங்கே பூட்டிவிடுங்கள். யேசுதாஸின் சுருதியிலேயே பாட வேண்டும் என்று யாரும் நேர்த்தி வைக்கவில்லை.

தொடக்கத்தில் ஸ்ட்ரம் அடிக்க வேண்டாம், விரலால் பிரித்து வாசியுங்கள், பெருவிரல் தடித்த தந்திக்கு. மைக்கைக் கிற்றாரின் ஓட்டைக்கு முன்னால் வைத்தால் அந்த ஹோலில் ஊளையிடும். கிற்றாருக்குள்ளேயே சத்தம் எடுக்கிற பிக்கப் இருந்தால் நேரே வயரைக் குத்துங்கள். எலக்ட்ரோனிக் ட்ரம் அடிக்கிற ஒக்டபாட்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டாவது, பல்லவி முடியும்வரை குச்சியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் விட்டுத்தான் நல்ல பாட்டெல்லாம் பைலாவாகிறது.

யூடியூப் விசயம். 2025இல் ‘அகத்தியா’ படத்துக்கு யுவன் இதே பாட்டைத் திரும்ப எடுத்தபோது சரிகம இசை நிறுவனம் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. பாட்டின் உரிமை அவர்களிடம் இருப்பதாகத்தான் நீதிமன்றமும் பார்த்தது, படக்காரர்களை இந்தியக் காசில் 30 இலட்சம் கட்டச் சொன்னது. கலியாண வீடியோவுக்கு உங்களை யாரும் கோட்டுக்கு இழுக்கப்போவதில்லை, ஆனால் யூடியூப்பில் பதிப்புரிமைக் கிளெய்ம் வரலாம். வீடியோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, அதைக் குடும்பத்துக்கு மட்டும் பென் டிரைவில் தரச் சொல்லுங்கள்.

---

பதில்: கல்லடிக் கிற்றார்

எல்லாருக்கும் நன்றி. தேன்மதி அக்கா சொன்னபடி நேற்று மச்சாளிடம் போய்க் கதையைச் சொன்னேன். உடனே படத்தைப் போடச் சொன்னாள். பாட்டு வந்ததும் நிறுத்திவிட்டு, “இந்தப் பாட்டுக்கு நான் உள்ள வரமாட்டன். சாப்பாட்டு நேரம் வாசிங்க, நான் இருந்து கேக்கிறன்” என்றாள். உள்ளே வருவதற்கு நாதஸ்வரமே போதுமாம். மாப்பிள்ளைக்கு எதுவென்றாலும் சம்மதம், அவர் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டார்.

பெரியப்பாவிடம் அமிர்தகழிக் கதையைச் சொன்னேன் ஐயா. “பாலு மகேந்திரா எங்கட ஆள் எண்டு எனக்குத் தெரியாதா?” என்று கொஞ்சம் சூடாகி, பிறகு எந்த வீட்டில் இருந்தார்கள், யார் யாருக்குச் சொந்தம் என்று அரை மணித்தியாலம் கதைத்தார். வாசிக்காதே என்று மட்டும் திரும்பச் சொல்லவில்லை.

சவுண்ட் காக்கா, தம்பிக்கு இரண்டாவது கட்டம் சரியாக வருகிறது, மூன்றாவதில் மேலே கத்துகிறான். என்னுடைய காப்போவின் ரப்பர் தேய்ந்து முதல் தந்தி கிறீச்சிடுகிறது. டவுனில் நல்லதொன்று எங்கே எடுக்கலாம் என்று யாருக்கும் தெரிந்தால் சொல்லுங்கள், ஞாயிறு ரிகேசல்.