ஐஸ் ரேட் தகராறு: அக்ரிமென்டைக் காட்டுவதா, பேசித் தீர்ப்பதா?

கேள்வி: ஐஸ் பிளான்ட், காசிமேடு

காசிமேட்டில் சின்ன ஐஸ் பிளான்ட் நடத்துகிறேன். அப்பா ஆரம்பித்தது. நான்கு விசைப்படகு வைத்திருக்கும் ஒருவருக்கு பதினெட்டு வருடமாக நாங்கள்தான் ஐஸ் கொடுக்கிறோம். மாமா என்றுதான் கூப்பிடுவேன். தங்கச்சி கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவர். எல்லாம் வாய்ப்பேச்சுதான். 2021-ல் பிளான்டைப் பெரிதாக்க லோன் போட்டபோது பேங்க் கேட்டதால், முதல்முறையாக அவரோடு ஐந்து வருட அக்ரிமென்ட் எழுதினோம். ஒரு ஐஸ் பாருக்கு (கட்டிக்கு) ஐந்து வருடமும் ஒரே ரேட், பில் கொடுத்த 30 நாளில் பணம்.

2022 செப்டம்பரில் கரண்ட் கட்டணம் ஏறியது. 2023 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் மறுபடி ஏறியது. ஐஸுக்குத் தண்ணீர் போக மற்றதெல்லாம் கரண்ட் செலவுதான். ரேட்டைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள் என்று மூன்று முறை கேட்டுவிட்டேன். "பேப்பர்ல என்ன இருக்கோ அதான்ப்பா" என்கிறார்.

எனக்கு வலிப்பது அந்தப் பதில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதோடு எண்ணூரில் எண்ணெய்க் கசிவு. அவருக்குத் தொழில் படுத்துவிட்டது. இரண்டு மாதம் பணத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எந்த வருடமும் பாக்கி கேட்டதில்லை. போட் கரையில் நிற்கும்போது காசு கேட்கக் கூடாது என்பது அப்பா வைத்த பழக்கம். அப்போதெல்லாம் நான் பேப்பரை எடுக்கவில்லையே?

இன்றைக்கு பாக்கி 4,20,000 ரூபாய். வக்கீல் நோட்டீஸ் விடலாமா? விட்டால் ஹார்பரில் எனக்கு என்ன பெயர் வரும்?

பதில்: வலைக்கடை, ராயபுரம்

தம்பி, 31 வருடம் வலையும் கயிறும் கடனுக்குக் கொடுத்தவன் சொல்கிறேன். இப்போது நோட்டீஸ் வேண்டாம். அந்தக் கவர் கைக்குப் போன அன்றைக்கே அவர் வேறு பிளான்டில் ஐஸ் ஏற்றுவார். அது கூடப் பரவாயில்லை, மற்ற ஓனர்களும் உன்னிடம் வர யோசிப்பார்கள்.

ஆனால் அவருக்கும் அதே பயம் உண்டு. பதினெட்டு வருடம் ஐஸ் கொடுத்தவனுக்குப் பாக்கி வைத்துவிட்டு ஆள் மாறினார் என்று பேச்சு வந்தால், டீசலுக்கும் வலைக்கும் அவருக்கு யார் கடன் கொடுப்பார்கள்? நானே யோசிப்பேன்.

உன் அப்பாவையும் அவரையும் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போ. ஏலக்கூடத்தில் நாலு பேர் முன்னால் கேட்காதே, அங்கே யாரும் இறங்கி வரமாட்டார்கள். 2021 கரண்ட் பில் ஒன்று, போன மாத பில் ஒன்று எடுத்துப் போ. அவரும் தொழில் செய்கிறவர்தானே, பில்லைப் பார்த்தால் புரியும்.

பதில்: தெர்மாகோல் பெட்டி சப்ளை, தண்டையார்பேட்டை

பெரியவர் சொல்வது ஆம்பளைகளுக்கும் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கும் நடக்கும். எனக்கு நடக்கவில்லை. மீன் வெளியூர் அனுப்பும் ஒரு பார்ட்டி எனக்கு 2 லட்சத்துக்கு மேல் பாக்கி வைத்தார். பேசித் தீர்க்கலாம் என்று நாலு பேர் உட்கார்ந்தார்கள். நாலு பேரும் அவருடைய ஆட்கள். எனக்கு ஒரு நாற்காலி கூடப் போடவில்லை. "அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்மா" என்றார்கள். அடுத்த சீசன், அதற்கடுத்த சீசன் என்று மூன்றரை வருடம் ஓடியது. கடைசியில் வக்கீலிடம் போனால், கேஸ் போடும் காலம் முடிந்துவிட்டது என்றார். அத்தனையும் என் நகையை வைத்துப் போட்ட முதல்.

பொறுத்துப் போங்கள் தம்பி, ஆனால் காலண்டரைப் பார்த்துக்கொண்டே பொறுங்கள்.

பதில்: வக்கீல், பாரிமுனை

அக்கா சொன்னதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு பில்லுக்கும் பணம் கட்ட வேண்டிய தேதியிலிருந்து மூன்று வருடம்தான் கணக்கு. அது முடிவதற்குள் "இவ்வளவு தரவேண்டும்" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். கணக்கு நோட்டில் ஒரு வரி போதும். வீட்டுக்குப் போகும்போது நோட்டைக் கொண்டுபோங்கள்.

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. பாக்கியில் சட்டம் உங்கள் பக்கம். ரேட்டில் அவர் பக்கம். போர்க்காலத்தில் ராணுவத்துக்கு நெய் வாங்கிக் கொடுத்தவர்கள், செலவு ஏறிவிட்டது என்று ஒப்பந்தத்துக்கு மேல் கேட்டார்கள். அலோபி பர்ஷாத் வழக்கில் 1960-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆகவே ரேட்டைப் பேசித்தான் வாங்க வேண்டும். பேசும் இடத்தில், நீங்கள் விட்டுக்கொடுத்த 30 நாள் கெடுவைச் சொல்லுங்கள். அந்த பேப்பரை விட்டு இரண்டு பேருமே எப்போதோ வெளியே வந்துவிட்டீர்கள்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத் தொழில்காரர்களிடம் பேசிப் பார்த்து சட்டப் பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்காலே 1963-ல் எழுதியதும் இதைத்தான். தகராறு வந்தால் பெரும்பாலும் அவர்கள் ஒப்பந்தத்தைப் புரட்டுவதில்லை, தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்.

பேச்சு முறிந்தாலும் நேராக கோர்ட் இல்லை. இது 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிக வழக்கு. அவசர இடைக்கால உத்தரவு எதுவும் கேட்காவிட்டால், வழக்குப் போடும் முன் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். அங்கே எழுதும் உடன்பாட்டுக்கு ஆர்பிட்ரேஷன் தீர்ப்பின் பலம் உண்டு, கோர்ட் தீர்ப்பு போலவே நிறைவேற்றலாம். அக்கா போன்றவர்களுக்கு அந்த இடம்தான் நல்லது, உட்கார்ந்திருப்பவர் யாருடைய ஆளும் இல்லை.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிலைப் படித்ததும் எழுந்து போய் பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். ஒரு பில்லுக்கு இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பாவின் நண்பர் ஒருவரோடு போகிறேன். முதலில் நோட்டில் கையெழுத்து. அப்புறம்தான் ரேட். வருடா வருடம் தடைக்காலம் முடிந்து போட் கடலுக்குப் போகும் முன் ரேட்டைத் திரும்பப் பேசலாமா என்று கேட்கப் போகிறேன்.