பெட் ஸ்கேன் படம்: மானிட்டருக்கு ஒரு நிறம்

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் மையத்தில் வேலை. பெட்-சிடி படத்தில் எஸ்யூவி (ஊசியில் போட்ட கதிரியக்க மருந்தை அந்த இடம் எவ்வளவு இழுக்கிறது என்ற எண்) 7 உள்ள கட்டி எங்கள் மெடிக்கல் மானிட்டரில் ஆரஞ்சாகத் தெரிகிறது. தென்காசி டாக்டரின் சாதாரண எல்இடி மானிட்டரில் மஞ்சளடிக்கிறது. எண் அதேதான், ஆனாலும் 'நோய் கூடியிருக்கா?' என்று போன் வருகிறது. போன மாதம் அவர் மானிட்டர் மாற்றியதிலிருந்து இந்தக் கூத்து.

இரண்டு பக்கமும் 'ஹாட் அயர்ன்' வண்ண அட்டவணை (எண் கூடக் கூட கருப்பிலிருந்து சிவப்பு, மஞ்சள், வெள்ளை என மாறுவது), எஸ்யூவிக்கு 0–10 அளவு வைத்தாயிற்று. டைகாம் (மருத்துவப் படங்களுக்கான தரநிலை) பகுதி 14 கேலிபிரேஷனும் செய்தோம். அது கருப்பு-வெள்ளைக்கு மட்டும்தானே, அதில் இரண்டும் ஒத்துப்போகிறது. அப்புறம் படத்தை ஆர்ஜிபியாகவே, அதாவது எண்ணுக்குப் பதில் நிறத்தையே, சேமித்து அனுப்பினோம். அப்போதும் அதே வித்தியாசம், ஆக மென்பொருள் மேல் பழி போட முடியாது.

கருப்பு-வெள்ளை கேலிபிரேஷன் கெடாமல், இரண்டு மானிட்டரிலும் வண்ணத்தை ஒன்றாக்க எந்தக் கருவி வைத்து ஐசிசி ப்ரொஃபைல் (மானிட்டர் நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்று சொல்லும் கோப்பு) போடுகிறீர்கள்?