பைன் இலையா, புல் இலையா? லேபிள் போய்விட்டது, அவசரம்

இலைத்துளை22: ஒப்பீட்டு அட்டவணைக்காக ஊசியிலை மரம் ஒன்று, புல் ஒன்று, இரண்டின் இலையையும் குறுக்காக வெட்டி ஸ்லைடு போட்டிருந்தேன். லேபிள் கழன்றுவிட்டது. இரண்டிலும் நடுவில் கற்றை (நீரும் உணவும் கடத்தும் குழாய்த் திரள்), வெளியே தோல். எது எது? நாளைக் காலை கொடுக்க வேண்டும்.

செல்சுவர்: எந்தப் புல்? என்ன சாயம்? எத்தனை மடங்கு பெருக்கம்? படமாவது போடுங்கள்.

கணக்கன்: கற்றையை எண்ணினால் போதும். பைனில் ஒன்று, புல்லில் வரிசையாகப் பல.

பிசின்துளி: ஒன்று என்று அடித்துச் சொல்லாதீர்கள். ஊசியிலை ஐந்தைந்தாகக் கொத்தில் வரும் ஐந்தூசிப் பைனில் ஒன்று. இரண்டிரண்டாக வரும் இரண்டூசிப் பைனில் பெரும்பாலும் இரண்டு, ஒரே அகத்தோலுக்குள் (கற்றையைச் சூழ்ந்த செல் அடுக்கு) பக்கம்பக்கமாக. பிசின் குழாயைத் தேடுங்கள். சிறு செல்கள் சூழ்ந்த வட்டத் துளை. புல்லில் அது கிடையாது.

ஆய்வகப்பழசு: பாடத்தை ஒருமுறை புரட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. இரண்டூசி என்றால் அரைவட்டம், ஐந்தூசி என்றால் முக்கோணம், புல் என்றால் தட்டை. அப்புறம், இலை ஒல்லி என்பதற்காகப் பைனைப் புல் அடங்கும் ஒருவித்திலை வகையில் சேர்த்துவிடாதீர்கள். அது பூக்கும் தாவரமே அல்ல.

செல்சுவர்: வறண்ட மணலில் வளரும் சில புற்களின் இலை சுருண்டு ஊசி போலவே ஆகிவிடும். அங்கே உங்கள் வடிவக் கணக்கு என்ன ஆகும்? அதனால்தான் எந்தப் புல் என்று கேட்டேன்.

மூங்கில்காடு: மூங்கில் இலையாக இருந்தால்? அதுவும் மரம்தானே.

ஆய்வகப்பழசு: மூங்கில் புல் ஐயா. தண்டைப் பருக்க வைக்கும் கேம்பியம் என்ற திசு இல்லை, ஆண்டு வளையம் இல்லை. முளைத்து வந்த பருமன்தான் கடைசி வரை.

மூங்கில்காடு: 30 மீட்டர் வளர்வதைப் புல் என்று சொல்ல வாய் வரவில்லை.

பிசின்துளி: தொல்காப்பியருக்கு வந்ததே. வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே பாய்ந்தது மரம் என்று மரபியலில் பிரித்திருக்கிறார். மூங்கில் முன்னது, பைன் பின்னது.

கணக்கன்: அந்தக் கணக்கில் தென்னையும் புல்தான். தென்னைமரம் என்பதை மாற்றிவிடலாமா?

ஆய்வகப்பழசு: தென்னை பனைக் குடும்பம். இழையைத் திசை திருப்பாதீர்கள்.

கணக்கன்: திருப்பியது நானா?

இலைத்துளை22: நான் வெட்டிய புல் மக்காச்சோளம். ஒன்றில் ஓரத்தில் இரண்டு வட்டத் துளை இருக்கிறது. பைன் என்று ஒட்டிவிட்டேன். நன்றி.

செல்சுவர்: சரி, மக்காச்சோளத்தில் நடுவில் மட்டும் கற்றையா? நடுநரம்பை மட்டும் வெட்டியிருப்பீர்கள். பக்கத்துப் பகுதியையும் வெட்டிப் பாருங்கள். கற்றையைச் சுற்றிப் பசுங்கணிகம் (பச்சையம் உள்ள நுண்ணுறுப்பு) நிறைந்த உறையும், மேல்தோலில் பெரிய குமிழ் செல்களும் தெரிய வேண்டும். அட்டவணைக்கு அதுதானே முக்கியம்?

செல்சுவர்: இருக்கிறீர்களா?