கம்பளி இல்லாத செம்மறி: பார்படோஸ் பிளாக்பெல்லி குறித்து ஓர் ஐயம்

கேள்வி:
மிருகக்காட்சிசாலை ஒன்றின் வளர்ப்பு விலங்குகள் பகுதியில், பார்படோஸ் பிளாக்பெல்லி செம்மறி என்ற பெயர்ப்பலகையுடன் சில ஆடுகளைக் கண்டேன். செம்பழுப்பு உடலும் கரிய வயிறும் முகத்தில் இறங்கும் கறுப்புக் கோடுகளுமாக இருந்த அவற்றின் மேல் கம்பளியே இல்லை, மானுக்கு இருப்பது போன்ற குட்டை முடிதான் இருந்தது. கிடாவுக்கு முறுக்கிய பெரிய கொம்புகள் இருந்தன. இவை உண்மையிலேயே செம்மறிகளா, வெள்ளாட்டுக் கலப்பா, அல்லது கம்பளியைக் கத்தரித்துவிட்டார்களா?

மறுமொழி 1:
செம்மறிகளே. வாலைக் கவனித்தால் போதும்: செம்மறிக்குத் தொங்கும், வெள்ளாட்டுக்குத் தூக்கி நிற்கும். செம்மறிக்கு 54 குரோமோசோம்கள், வெள்ளாட்டுக்கு 60 என்பதால் இரண்டும் கலந்து குட்டி பிழைப்பது மிக அரிது. கத்தரிப்புக்கும் இங்கே வேலையில்லை. காட்டுச் செம்மறிக்கு வெளியே முரட்டு முடியும், அதனடியில் வசந்தத்தில் தானாக உதிரும் மெல்லிய கம்பளியும் இருந்தன; உதிராமல் வளரும் அடர்ந்த கம்பளி, மனிதர் அவற்றைப் பழக்கிய பிறகு பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்த்ததால் வந்தது. ஆகவே விதிவிலக்கு என்று சொல்ல வேண்டுமானால் கம்பளி ஆட்டைத்தான் சொல்ல வேண்டும். குளிர்ப் பகுதிகளில் பிளாக்பெல்லிக்கும் பனிக்காலத்தில் சிறிது அடிக்கம்பளி முளைத்துப் பின்னர் உதிர்ந்துவிடும்.

மறுமொழி 2:
மேலே உள்ள விளக்கம் சரி. ஆனால் எனக்கு அந்தப் பலகையின் மேல்தான் ஐயம். கரீபியன் தீவான பார்படோஸில் மேற்கு ஆப்பிரிக்க முடிச் செம்மறிகளும் ஐரோப்பியக் கம்பளிச் செம்மறிகளும் கலந்து உருவான இந்த இனத்தில் கிடா, பெட்டை இரண்டுக்குமே கொம்பு இருக்காது. 1904இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட பிளாக்பெல்லிகளின் வழிவந்தவற்றைப் பின்னர் மூஃப்ளான் என்ற காட்டுச் செம்மறி, ராம்பூயே என்ற கம்பளிச் செம்மறி இனம் ஆகியவற்றோடு கலந்து, பெரும்பாலும் டெக்சஸில், வேட்டைக்காரர்கள் விரும்பும் பெரிய கொம்புக்காகவே வளர்த்தார்கள். அது இன்று அமெரிக்கன் பிளாக்பெல்லி என்ற தனி இனம். நீங்கள் கண்டது பெரும்பாலும் அதுவாகவோ வேறு கலப்பாகவோதான் இருக்கும். நிறம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது.

கேள்வி கேட்டவர்:
விளக்கங்களுக்கு நன்றி. அதே அடைப்பில் வெள்ளாடுகளும் இருந்தன. அப்படிச் சேர்த்து வைப்பதில் தீங்கு ஏதும் உண்டா?

மறுமொழி 3:
சேர்ந்து வாழ்வதில் சிக்கல் இல்லை, தீனியில்தான் உண்டு. செம்மறியின் ஈரல் தாமிரத்தைச் சேர்த்துக்கொண்டே போகும், எளிதில் வெளியேற்றாது. வெள்ளாட்டுக்கென்று தாமிரம் கூட்டிய அடர்தீவனத்தையும் தாது உப்பையும் தொடர்ந்து தின்றால், நலமாகத் தோன்றிய ஆடு ஒருநாள் திடீரென்று இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து இறந்துவிடக்கூடும். எனவே பொது அடைப்பில் செம்மறிக்கு ஏற்ற தீவனத்தையே வைத்து, வெள்ளாட்டுக்கு வேண்டியதைத் தனியே கொடுப்பார்கள். இன்னொன்று, பிளாக்பெல்லிக்கு இனப்பெருக்கப் பருவம் என்று தனியாக ஒன்று இல்லை, ஆண்டு முழுவதும் சினைப்படும், இரட்டைக் குட்டிகளும் சாதாரணம். இடம் குறுகிய காட்சிசாலைகள் கிடாவைப் பிரித்துக் கட்டுவதும் விதையடிப்பதும் அதனால்தான்.