கோல்ஃபில் நாலடியில் வலப்பக்கம் தவறும் புட், முப்பதடியில் பாதியில் நிற்கும் புட்: எந்த டிரில்?

மூணுபுட்:

வலது கை ஆட்டம், ஹேண்டிகேப் 20 (நிர்ணயித்த எண்ணிக்கையைவிட ஒரு சுற்றுக்குச் சுமார் 20 அடி கூடுதல்). ஆடுவது சென்னையில், பெர்முடா புல் (அருகம்புல் வகை) கிரீன்கள், அதாவது குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய இடங்கள். தூரம் அடிக்கும் மட்டைகளான டிரைவரும் அயர்னும் ஓரளவுக்குச் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. கிரீனுக்குள் கால் வைத்ததும்தான் கணக்கு கெடுகிறது.

4, 5 அடி தூரப் புட்கள் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் அடிகள்) குழியின் வலது விளிம்பை ஒட்டிக்கொண்டு வெளியே போகின்றன. 30 அடிக்கு மேல் என்றால் ஆறேழு அடி முன்னாலேயே பந்து நின்றுவிடும், அங்கிருந்து இன்னும் இரண்டு. பயிற்சி கிரீனில் ஒரே இடத்தில் மூன்று பந்தை வைத்து அடித்தால் மூன்றாவது உள்ளே விழுகிறது. ஆட்டத்தில் அந்த மூன்றாவது பந்துக்கு வாய்ப்பே இல்லையே!

வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம் பயிற்சி கிரீனில் கிடைக்கும். வீட்டில் ஹால் உண்டு, ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் தரை. எந்த டிரில், எந்த வரிசையில்? வீடியோ லிங்க் வேண்டாம். பத்து வீடியோ பார்த்தால் பத்து விதமாகப் பிடிக்கச் சொல்கிறார்கள்.

நேர்கோடு:

இரண்டும் வேறு வேறு வியாதி. ஒரே டிரில்லில் இரண்டும் சரியாகாது. நான் நாலடியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், தூரத்தை வேறு யாராவது சொல்லட்டும்.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் மையம் குழியின் நடுவிலிருந்து இந்தப் பக்கம் 54, அந்தப் பக்கம் 54 மி.மீ. வரை விலகினாலும் மெதுவாக வந்தால் விழும். கணக்குப் போட்டால் நேரான நாலடி புட்டில் இரண்டரை டிகிரி வரை தப்பு செய்யலாம். எட்டடியில் ஒன்றேகால் டிகிரி, பத்தடியில் ஒரு டிகிரிதான். இரண்டரை டிகிரி என்பது தாராளம். அதையும் தாண்டி, அதுவும் எப்போதும் ஒரே பக்கம் போகிறது என்றால் கை நடுக்கம் காரணமாக இருக்காது, நடுக்கம் என்றால் இரண்டு பக்கமும் சிதறும். பெரும்பாலும் அடிப்பதற்கு முன்பே புட்டரின் (புட் அடிக்கும் மட்டையின்) முகம் வலப்பக்கம் திரும்பித் திறந்திருக்கும், உங்கள் கண்ணுக்கு அது நேராகத் தெரியும். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பகுதி தீர்மானிப்பது முகம்தான், புட்டர் போகும் பாதைக்குச் சின்னப் பங்கு.

அதனால் முதலில் டிரில் வேண்டாம், சோதனை போதும். அதற்கு உங்கள் டைல்ஸ் தரை பிரமாதம். இணைப்புக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் பந்தை வையுங்கள். அதே கோட்டில் இரண்டு டைல்ஸ் தள்ளி, அதாவது நாலடியில், ஒரு எவர்சில்வர் டம்ளர். பந்தடியிலிருந்து டம்ளர் வரை தரையை நியூஸ்பேப்பரால் மூடிவிடுங்கள், கோடு தெரிந்தால் கண் காப்பியடிக்கும். டம்ளரைப் பார்த்துப் புட்டரை வைத்து அப்படியே அசையாமல் நில்லுங்கள். வீட்டில் யாராவது பேப்பரை மெல்ல உருவட்டும். புட்டர் முகம் குறுக்குக் கோட்டுக்கு இணையாக இருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று உடனே தெரியும். ஐந்தாறு முறை செய்தால் உங்கள் பழக்கம் எந்தப் பக்கம் என்று சந்தேகமே இருக்காது.

திறந்திருந்தால் கண் இருக்கும் இடத்தைப் பாருங்கள். மூக்குத்தண்டிலிருந்து ஒரு பந்தை நழுவ விடுங்கள். தரையில் இருக்கும் பந்தின் மேலேயோ, அதற்குச் சற்று உட்புறமோ (உங்கள் கால் பக்கம்) விழ வேண்டும். பந்துக்கு அப்பால் விழுந்தால் கண் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது, குறி பார்ப்பதே சாய்ந்துபோகும். கொஞ்சம் பின்னால் நின்றால் பாதிப் பிரச்சினை தீரும்.

குறி சரி, அப்படியும் வலப்பக்கம் போகிறது என்றால் அப்போது கேட் (வாசல்) டிரில். பயிற்சி கிரீனில் வாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, பந்துக்கு 30 செ.மீ. முன்னால் இரண்டு டீயை (பந்தைத் தாங்கும் சின்னக் குச்சி) வாசல் மாதிரி குத்துங்கள். இடைவெளி, பந்தின் அகலத்தோடு இரு பக்கமும் ஒரு பென்சில் அகலம், சுமார் 57 மி.மீ. இதில் டீயைத் தொடாமல் போகும் பந்து ஏழடி நேர் புட்டுக்குப் போதுமான அளவு நேராகக் கிளம்பியிருக்கிறது. இதைத் தாண்டிவிட்டால் 50 மி.மீ.க்குக் குறையுங்கள், அது பதினான்கு அடிக்கான துல்லியம். எல்லோரும் முதல் நாளே 50 வைத்துவிட்டு டீயில் முட்டி முட்டி வெறுத்துப்போகிறார்கள்.

எந்தப் பக்கத்து டீயில் முட்டுகிறது என்று கவனியுங்கள், அதுதான் டிரில்லின் பயன். வலது டீயிலேயே முட்டினால் முகம் மூடாமல் வருகிறது. வலது கைப்பிடி இறுகுவதும், அடிக்கும் கணத்தில் புட்டர் வேகம் குறைவதும் வழக்கமான காரணங்கள். இரண்டு டீயிலும் மாறி மாறி முட்டினால் பந்து புட்டரின் நடுவில் படவில்லை. முகத்தில் கொஞ்சம் பேபி பவுடர் தடவி அடித்தால் பந்து பட்ட இடம் வட்டமாகக் கழன்று தெரியும். நுனிப் பக்கம் பட்டால் நீங்கள் தள்ளி நிற்கிறீர்கள், குதிகால் பக்கம் (தண்டு சேரும் பக்கம்) பட்டால் ஒட்டி நிற்கிறீர்கள்.

கூடவே ஒன்று: பந்துக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம். பந்து போன பிறகு நாணயத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலை தூக்க வேண்டும். நாலடி புட் விழும் சத்தம் காதுக்கு வரும், கண்ணால் துரத்த வேண்டிய அவசியமில்லை.

மெதுவா_உருட்டு:

தூரத்தை நான் எடுத்துக்கிறேன்.

முதல்ல எதிர்பார்ப்பைச் சரி பண்ணணும். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர்ல ஆடுறவங்களே எட்டடியில பாதிக்குப் பாதிதான் போடுறாங்க. பத்தடியில நூத்துக்கு நாப்பது, இருபது அடியில பதினஞ்சு. அப்புறம் முப்பதடியில குழிக்குள்ள போடணும்னு நினைக்கிறது வீண். குழியைச் சுத்தி மூணடி வட்டத்துக்குள்ள நிறுத்தினா அடுத்தது உள்ளே. உங்க புட்டரைத் தரையில படுக்க வச்சா கிட்டத்தட்ட அந்த மூணடிதான், அளக்க டேப் வேண்டாம்.

பாதியில நிக்கிறதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: பின்னால நீளமா இழுத்துட்டு, பயந்து, அடிக்கிறப்போ கையைப் பிடிச்சுக்கிறது. தூரத்தைத் தீர்மானிக்க வேண்டியது புட்டர் பின்னால போற நீளம். தாளம் மாறக் கூடாது. போன்ல தாளம் தட்டுற மெட்ரோனோம் ஆப் போட்டு நிமிஷத்துக்கு 76ல வைங்க. ஒரு டிக்கு பின்னால முடியுற இடம், அடுத்த டிக்கு முன்னால முடியுற இடம். அஞ்சடிக்கும் நாப்பதடிக்கும் அதே தாளம், வீச்சு மட்டும் பெருசாகும். நிமிஷத்துக்கு எழுபதோ எண்பதோ உங்க உடம்புக்கு ஒத்துவர்றதை வச்சுக்கோங்க, ஆனா வாரத்துக்கு ஒண்ணுன்னு மாத்தாதீங்க.

டிரில் இதுதான். 10, 20, 30, 40 அடியில நாலு டீ குத்துங்க. குழி வேண்டாம், டீதான் குறி. ஒரே பந்து. வரிசையா 10, 20ன்னு போனா கை தானாவே பழகிடும், ஆட்டத்துல அப்படி வராது. அதனால 30, 10, 40, 20ன்னு கலைச்சு அடிங்க. கேரம்ல ஸ்ட்ரைக்கரைச் சுண்டுற மாதிரிதான், ஒவ்வொரு அடிக்கும் பலத்தைப் புதுசா யோசிச்சாத்தான் விரலுக்கு அளவு பிடிபடும். டீயைத் தாண்டி மூணடிக்குள்ள நின்னா ஒரு மார்க், டீக்கு முன்னால நின்னா பூஜ்யம். உங்க வியாதி குட்டையா நிக்கிறதுதான், அதுக்குத்தான் இந்தக் கடுமை.

அடிச்ச உடனே, பந்து ஓடிட்டு இருக்கிறப்பவே, நிமிராம "குட்டை", "நீளம்", "சரி"ன்னு வாய்விட்டுச் சொல்லணும். அப்புறம் பாருங்க. சொன்னதும் நின்னதும் ஒத்துப்போக ஆரம்பிச்சா தூரம் வசத்துக்கு வந்துட்டு இருக்குன்னு அர்த்தம்.

நேர்கோடு சொன்ன பவுடர் இங்கேயும் உதவும். நடுவுல படாத பந்து தூரம் போகாது. வீச்சு சரியா இருந்தும் குட்டையா நின்னா அங்கே பாருங்க.

மூணுபுட்:

பேப்பர் சோதனை செய்து பார்த்தேன். முகம் நன்றாகவே வலப்பக்கம் திறந்திருக்கிறது. இரண்டு சந்தேகம். அமெரிக்க கோல்ஃப் வீரர் ஃபில் மிக்கெல்சன் குழியைச் சுற்றி மூன்றடியில் பந்துகளை வைத்து வரிசையாக நூறு போடுவார் என்கிறார்களே, அதைச் செய்யலாமா? இன்னொன்று, காலையில் ஒரு வேகம், மதியம் ஒரு வேகம் என்று கிரீன் மாறுகிறது. பழகிய அளவு அப்போது எப்படி உதவும்?

புல்வாட்டம்:

நூறு வேண்டாம். அது முகம் ஏற்கெனவே நேராக வருபவருக்கு மனஉறுதிப் பயிற்சி. திறந்த முகத்தோடு நூறு போட்டால் திறந்த முகத்தைத்தான் மனப்பாடம் செய்வீர்கள். முப்பதாவது பந்துக்கு மேல் கவனமும் இருக்காது.

அதற்குப் பதிலாக லேசான சரிவில் இருக்கும் குழியைத் தேர்ந்தெடுத்து, கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில் 3, 4, 5 அடியில் டீ வையுங்கள். மொத்தம் பன்னிரண்டு புட், ஒவ்வொன்றுக்கும் ஆட்டத்தில் செய்வதுபோல் பின்னால் நின்று பார்த்து, குனிந்து, அடிக்க வேண்டும். ஒன்று தவறினால் அந்த வட்டத்தின் நாலை மட்டும் திரும்பப் போடுங்கள். நாலு பக்கமும் நாலு விதமாக இருக்கும்: ஏற்றம், இறக்கம், இடமிருந்து வலம், வலமிருந்து இடம். வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடமிருந்து வலம் வளைவதுதான் தொல்லை, பந்து உடம்பை விட்டு விலகிப் போவதால் கை பின்தொடர்ந்து தள்ளிவிடும். எந்த மணியில் தவறுகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். உங்களுக்கு அந்தப் பக்கத்தில் அதிகம் தவறினால் ஆச்சரியமில்லை.

இனி கிரீனின் வேகம். பெர்முடாவில் வாட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது, புல் படுத்திருக்கும் திசையையும் பார்க்க வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து குழி வரை புல் வெளிறிப் பளபளத்தால் அது உங்களை விட்டு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கரும்பச்சையாக மங்கித் தெரிந்தால் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது, பந்தைப் பிடித்து நிறுத்தும். சந்தேகமாக இருந்தால் குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் புல் செழிப்பாக உள்ளே எட்டிப் பார்க்கும். எதிர்ப்பக்கம் விளிம்பு பிய்ந்து காய்ந்திருக்கும், குழி வெட்டும்போது அந்தப் பக்கத்துப் புல்லுக்குத்தான் வேர் அறுபடுகிறது. புல் சாய்வது காய்ந்த விளிம்பை நோக்கி. பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் வாட்டம் இல்லாத புட்டும் கடைசி இரண்டடியில் வளையும். நாலடி வலப்பக்கம் போவதில் இதற்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம். டைல்ஸ் தரையில் தெரியாத விஷயம் இது.

மதியம் மெதுவாவதற்குக் காரணம் புல் காலையில் வெட்டிய பிறகு வளர்ந்துகொண்டே இருப்பது. அதிகாலையில் மெதுவாக இருந்தால் காரணம் பனி. பனி இருக்கும்போது ஒரு நல்ல வசதி உண்டு, யாரும் பயன்படுத்துவதில்லை. ஈரத்தில் பந்து போன தடம் அப்படியே நிற்கும். கிளம்பிய திசை, எங்கே வளைய ஆரம்பித்தது எல்லாம் கோடு போட்டதுபோல் தெரியும். தடத்தின் ஆரம்பத்தில் இடைவெளி விட்டு விட்டு இருந்தால் பந்து உருளவில்லை, துள்ளியிருக்கிறது. அடிக்கும்போது மணிக்கட்டு மடங்கி, புட்டர் மேல்நோக்கித் திறந்து பந்தைத் தூக்கிவிடுகிறது. கைப்பிடி பந்துக்கு நேராகவோ ஒரு விரல் முன்னாலோ இருக்கும்படி வைத்து அடித்தால் தடம் தொடர்ச்சியாகிவிடும்.

கேடி (பையைத் தூக்கி வரும் உதவியாளர்) சொல்லும் லைனை, அதாவது பந்து போக வேண்டிய பாதையை, கேட்பதில் தப்பில்லை. ஆனால் முதலில் உங்கள் லைனைச் சொல்லுங்கள், பிறகு அவரைக் கேளுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் பத்து வருடம் ஆடினாலும் கிரீன் படிக்க வராது.

ஒன்றில் மெதுவா_உருட்டு சொன்னதை மாற்றுவேன். நாலு டீயும் ஒரே திசையில் வேண்டாம். இரண்டை ஏற்றத்திலும் இரண்டை இறக்கத்திலும் வையுங்கள். ஒரே தூரத்துக்கு இரண்டு வீச்சு வேண்டும் என்பது அப்போதுதான் கைக்குத் தெரியும்.

மெதுவா_உருட்டு:

ஒத்துக்கிறேன். ஆனா முதல் ரெண்டு வாரம் சமதளமே இருக்கட்டும், தாளம் நிக்காம சரிவுக்குப் போனா எது தப்புன்னே தெரியாது.

நேர்கோடு:

முகம் திறந்திருப்பது தெரிந்துவிட்டதால் வீட்டுப் பயிற்சிக்கு ஒரு சாமான் போதும்: இரும்புக் கடையில் கிடைக்கும் ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல். தரையில் வைத்து ஒரு முனையில் பந்தை நிறுத்தி, மறுமுனை வரை விழாமல் உருட்ட வேண்டும். 30 மி.மீ. அகலமுள்ள ஸ்கேலில் கடைசி வரை போனால் ஒரு டிகிரிக்குள் அடித்திருக்கிறீர்கள். டைல்ஸ் தரையில் தூரம் பழகாதீர்கள், எந்த கிரீனும் அவ்வளவு வேகமாக இருக்காது, கை இன்னும் பயப்படும். திசைக்கு மட்டும் டைல்ஸ்.

கிரீனில் கிடைக்கும் அரை மணியில் முதல் எட்டு நிமிடம் 57 மி.மீ. கேட். அடுத்த பன்னிரண்டு நிமிடம் ஒரே பந்தில் கலைத்துப் போட்ட நாலு தூரம். மிச்சம் கடிகாரம். அவசரமான நாளில் கேட்டை விட்டுவிடலாம், தூரத்தை விடாதீர்கள். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது என்றால் நாலடி புட் தொடவே வேண்டாம், நீளமானதை மட்டும் அடித்து அன்றைய வேகத்தைத் தெரிந்துகொண்டு ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீக்குப் போங்கள்.

ஆட்டத்தின் நடுவிலும் கொஞ்சம் பழகலாம். ஒரு ஹோலை முடித்த பிறகு அந்த கிரீனிலேயே புட் அடித்துப் பார்க்க கோல்ஃப் விதி 5.5பி இடம் தருகிறது, பின்னால் வருபவர்களைக் காக்க வைக்காமல் இருந்தால் சரி. சில கிளப்களிலும் போட்டிகளிலும் உள்ளூர் விதி போட்டு இதைத் தடுத்திருப்பார்கள், ஸ்கோர் கார்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, டீ குத்தியதைப் பிடுங்கிவிட்டு ஓட்டையைப் புட்டரால் தட்டி மூடிவிடுங்கள். கிரீன் பார்த்துக்கொள்பவர்கள் கேட் டிரில்லுக்கு எதிரியாவது இதனால்தான்.