பீட்டா செல்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று ஸ்கேனில் அளக்க முடியுமா?

செம்பூர் அம்மா:
பதினான்கு வயதான என் மகளுக்கு அண்மையில் டைப் 1 சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. இன்சுலின் தொடங்கிய பின் ஊசியின் அளவு வெகுவாகக் குறைந்துவிட்டது. கணையம் இன்னும் சிறிது இன்சுலின் சுரப்பதால் வரும் ‘ஹனிமூன்’ காலம் இது என்று மருத்துவர் விளக்கினார். அப்படியானால் அந்த இன்சுலினைச் சுரக்கும், மிஞ்சியுள்ள பீட்டா செல்களை ஸ்கேன் எடுத்து அளக்க இயலுமா? மும்பையில் பெட் ஸ்கேன் (உடலில் செலுத்திய கதிரியக்க மருந்து சேரும் இடத்தைப் படமாகக் காட்டும் ஸ்கேன்) நிலையங்கள் இத்தனை இருந்தும், இதற்கென்று யாரும் பரிந்துரைக்காதது ஏன்?

அணு மருத்துவத் துறை, பரேல்:
அம்மா, இந்தியாவின் முதல் பெட் கருவி 2002-இல் எங்கள் பரேல் பகுதியில்தான் இயங்கத் தொடங்கியது. ஆகவே கருவி இல்லாதது காரணமன்று. பீட்டா செல்கள் கணையமெங்கும் சிறுசிறு திட்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. எல்லாத் திட்டுகளையும் சேர்த்தாலும் கணையத்தின் எடையில் 1 முதல் 2 சதவீதமே தேறும். ஒரு திட்டு பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. மருத்துவமனை பெட் கருவியோ சுமார் 4, 5 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைத் தெளிவாகப் பிரித்துக் காட்டாது. எனவே பீட்டா செல்லில் மட்டுமே ஒட்டும் கதிரியக்க மருந்தைச் செலுத்தி, கணையம் முழுவதிலிருந்தும் வரும் கதிர்வீச்சைக் கொண்டு மொத்த அளவைக் கணிப்பது ஒன்றே வழி.

அந்த மருந்துதான் எளிதில் அமையவில்லை. பீட்டா செல்களில் உள்ள விமேட்-2 என்னும் புரதத்தைப் பற்றும் மருந்தை முதலில் பெரிதும் நம்பினார்கள். ஆனால் அது கணையத்தின் பிற பகுதிகளிலும் ஒட்டியதால், நெடுங்கால டைப் 1 நோயாளிகளிடமும் எதிர்பார்த்த அளவு குறைவு தென்படவில்லை. பீட்டா செல்களின் மேற்பரப்பில் உள்ள ஜி.எல்.பி.-1 ஏற்பி என்னும் புரதத்தைப் பற்றும் எக்சென்டின்-4 என்ற மருந்து இதைவிட மேலானது. அதைப் பயன்படுத்திய நெதர்லாந்தின் நைமேகன் குழு, டைப் 1 நோயாளிகளின் கணையத்தில் அது குறைவாகவே சேர்வதை 2014-இல் காட்டியது. இருப்பினும் இம்மருந்து சிறுநீரகங்களில் மிக அதிகமாகத் தங்குகிறது. திட்டுகள் செறிந்திருக்கும் கணைய வால், இடது சிறுநீரகத்தை ஒட்டியே அமைந்திருப்பதால் அங்கேதான் கணக்கு குழம்புகிறது. சிகிச்சையை மாற்றாத ஓர் எண்ணுக்காக வளரும் பிள்ளைக்குக் கதிர்வீச்சு கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், மாட்டுங்கா:
இப்போதைக்கு சி-பெப்டைடு என்னும் பொருளை இரத்தத்தில் அளக்கும் பரிசோதனையே போதுமானது. இன்சுலின் சுரக்கும்போது அதே எண்ணிக்கையில் சி-பெப்டைடும் வெளிவருகிறது. ஊசியில் போடும் இன்சுலினில் அது இல்லாததால், அளவிடப்படுவது அவளுடைய சொந்தச் சுரப்பே.

ஆயினும் சுரப்பு வேறு, செல்களின் எண்ணிக்கை வேறு. சர்க்கரை மிகுந்திருக்கும் நாட்களில் செல்கள் உயிரோடிருந்தும் சுரக்காமல் ஓய்ந்துவிடுவதுண்டு. நோயின் வருகையைத் தள்ளிப்போடும் டெப்லிசுமாப் போன்ற மருந்துகள், 2022-இல் அமெரிக்க அனுமதி பெற்ற அதுவும் உட்பட, செல்களைக் காப்பாற்றுகின்றனவா, இருப்பவற்றின் வேலையை மட்டும் சீராக்குகின்றனவா என்பதை இரத்தப் பரிசோதனையால் மட்டும் பிரித்தறிவது கடினம். அதனால்தான் இந்த ஸ்கேன் ஆராய்ச்சி தொடர வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

செம்பூர் அம்மா:
இருவருக்கும் மிக்க நன்றி. சி-பெப்டைடை வெறும் வயிற்றில் எடுக்கலாமா?

நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், மாட்டுங்கா:
உணவுக்குப் பின் எடுப்பது கூடுதல் விவரம் தரும். எப்போது எடுத்தாலும் அதே இரத்த மாதிரியில் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை தாழ்ந்திருக்கும் வேளையில், நல்ல நிலையிலுள்ள கணையத்திலும் சி-பெப்டைடு குறைவாகவே காட்டும்.